கண்ணை மூடிக் கடலைப் பார்த்த கதை

"மூச்சு விடுகதுக்கு ஒரு வகுப்பாளா? இங்கன எவளுக்கு மூச்சு விடத் தெரியாது?"

யோகா கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று அம்மா கேட்டது இது. எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அதனால் அம்மா எதைக் கேட்டாலும் எனக்குக் கோபம் வருவது வழக்கம். (நான் படித்தவள் என்பதற்கு அந்த வயதில் என்னிடமிருந்த முக்கிய அத்தாட்சி அந்தக் கோபம்தான்.) அப்பாவோ சிரித்தார். அவர் சங்கு குளிக்கிறவர். மூச்சை அடக்கிக்கொண்டு கடலின் அடிவரைக்கும் போய் வருவதுதான் அவருடைய பிழைப்பு. அவர் மகள் மூச்சுக்கு டீச்சர் தேடிப் போகிறாள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்?

நான் அப்படிப் போனதற்குக் காரணம் இருந்தது. பி.யூ.சி.யில் தவறிவிட்டேன்.

இதை இப்போது ஒரு வரியில் எழுதிவிட்டேன். அப்போது அந்த வார்த்தை என் வாயில் வரவே இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது அப்பா தெருவில் வெடி போட்டார். பி.யூ.சி.க்குக் கல்லூரியில் சேர்ந்தபோது மாதா கோயிலில் பூசை வைத்தார். கரையில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நானும் அர்த்தத்தைச் சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, ஆங்கிலத்திலும் ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அந்த ஆங்கிலத்தில்தான் தவறினேன்.

தேறியவர்களின் எண்கள் பேப்பரில் வந்த அன்று அப்பா விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பேப்பர் வாங்கிவிட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. டீக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்து என் எண்ணைத் தேடச் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி தேடினார், பிறகு, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லி, வலைக்கடைக்காரரைக் கை காட்டினார். வலைக்கடைக்காரர் நன்றாகத் தேடிவிட்டு, எழுத்து பொடியாக இருக்கிறது, கோயில் உபதேசியாரிடம் கொடுங்கள் என்றார். இப்படித் தெருவில் எழுத்துத் தெரிந்த அத்தனை பேர் கைக்கும் அந்தப் பேப்பர் போய் வந்தது. இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. மத்தியானம் கசங்கிப்போன பேப்பரோடு அப்பா வீட்டுக்கு வந்தார்.

"பேப்பர்காரன் உன் நம்பர விட்டுட்டாம்ளா" என்றார்.

அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வெளியே போகவில்லை. பூசைக்குப் போகவில்லை. தெருக்குழாய்க்குப் போகவில்லை. காலையில் கண் விழித்ததும் ஒரு நொடி எதுவும் நினைவிருக்காது. அடுத்த நொடி நெஞ்சில் கல்லைக் கட்டி இறக்கினாற்போல் இருக்கும். (சங்கு குளிக்கிறவர்களும் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். அவர்களை மேலே தூக்கக் கயிறு இருக்கும், எனக்கு இல்லை.) மறுதேர்வுக்கு மனுப் போடுகிற கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா தினமும் வெளியே கிளம்பும்போது, "மனுப் போட்டியாளா?" என்று கேட்பார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். இன்னொரு தரம் எழுதி, இன்னொரு தரம் தவறி, இன்னொரு பேப்பர் தெருவெல்லாம் சுற்றி வருவதை நினைத்தாலே போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொள்வேன். இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான், புதுத் துறைமுகம் கட்டும் வேலைக்காக வந்திருந்த ஒரு என்ஜினியரின் மனைவி, பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் யோகா சொல்லிக்கொடுக்கிறார் என்று கூடப் படித்த ஒருத்தி வந்து சொன்னாள். மனக்கவலைக்கு நல்லது என்றாள். படித்தவர்களுடைய கவலைக்குப் படித்தவர்களுடைய மருந்து என்று எனக்குப் பட்டது. முக்காடு போட்டுக்கொண்டு சந்து வழியாகவே போய்ச் சேர்ந்தேன்.

என்ஜினியரம்மா மெட்ராஸ்காரர். அன்பானவர். நான் எதற்கு வந்தேன் என்று கேட்கவே இல்லை. ஓம் சொல்லச் சங்கடமாக இருந்தால் உனக்குப் பிடித்த பெயரைச் சொல் என்றார். நான் மரியே என்று சொல்லிக்கொண்டேன். தினமும் செய்தால்தான் பலன் என்று அழுத்திச் சொல்லி அனுப்பினார்.

தினமும் செய்வதற்கு எங்கள் வீட்டில் இடம் வேண்டாமா? இருப்பது ஓர் அறையும் ஒரு குசினியும். நான் பத்மாசனத்தில் உட்கார்ந்தால் முழங்கால் நெல் குதிரில் இடிக்கும். சவாசனத்தில் கிடந்தால் அம்மா என்னைத் தாண்டித்தான் குசினிக்குப் போகவேண்டும். தாண்டும்போதெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள். படுத்துக்கிடக்க ஒரு டீச்சரம்மாவா என்பாள். ஒருநாள் வீடு கூட்டுகிறபோது என்னைச் சுற்றிக் கூட்டிவிட்டு, நான் கிடந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள். எழுந்து பார்த்தால் தரையில் என் உருவம் தூசியில் படுத்திருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அழுகை குறையவில்லை, கூடியது. மற்ற நேரமெல்லாம் பல்லைக் கடித்து அடக்கி வைத்திருந்ததெல்லாம், கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கத் தொடங்கியதும் பொலபொலவென்று வந்தது. என்ஜினியரம்மாவிடம் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. "வரட்டும். துடைக்காதே. யார் கூப்பிட்டாலும் கண்ணைத் திறக்காதே. சத்தமெல்லாம் அலை மாதிரி, வரும், போகும்" என்றார். வீட்டில் இடமில்லை என்றும் சொன்னேன். அதற்கு அவர் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"கடற்கரைக்குப் போயேன். காலையில சூரியன் வர்றப்போ கடலைப் பார்த்து உக்காரு. வாசல்ல இவ்வளவு அழகான கடலை வெச்சுக்கிட்டு, உங்க ஊர்ல யாருமே அதைப் பார்க்க மாட்டேங்கறீங்களே!"

உண்மைதான். எங்கள் கரையில் யாரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை. ஏன் உட்காருவதில்லை என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நான்தான் படித்தவளாயிற்றே. யோசிக்கவில்லை.

அது காற்றுக்காலம். சங்கு குளிப்பு நின்றுவிடும். அப்பா எந்த வள்ளத்தில் ஆள் குறைகிறதோ அதில் ஏறி மீன்பிடிக்கப் போவார். அன்றைக்கும் இருட்டோடு கிளம்பினார். வாசலில் நின்று, "மனுப் போட்டியாளா?" என்று கேட்டார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் போனதும் எழுந்து தலைக்குக் குளித்தேன். தளர்வான வெளிர் நிறத் துணி உடுத்த வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். என்னிடமிருந்த ஒரே வெளிர் சேலை வெள்ளைச் சேலைதான், அதை உடுத்திக்கொண்டேன். முடி காயட்டும் என்று விரித்துப் போட்டேன். நேரே கரைக்குப் போய், கடலைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடினேன்.

எங்கள் கரையில் ஒரு பெண் கைவேலை ஒன்றும் இல்லாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. போன வள்ளம் திரும்பவில்லை. வீட்டு ஆண் வராத பெண்தான் அப்படி உட்காருவாள். வள்ளம் வரும்வரை, அல்லது வராது என்று தெரியும்வரை, யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள். பிறந்ததிலிருந்து நான் பார்த்து வளர்ந்த காட்சி அது. ஆனாலும் வெள்ளைச் சேலையும் விரித்த தலையுமாக, கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வழிய, நான் அங்கே மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலில் பார்த்தவள் பிரகாசி அக்கா. மீன் வாங்கி ஊருக்குள் கொண்டுபோய் விற்கிறவள். கரையில் வள்ளம் ஒதுங்குகிற சத்தத்தை வீட்டிலிருந்தே கேட்டுவிடுவாள். அவள் பேசுகிற சத்தத்தை வள்ளத்திலிருந்தே கேட்கலாம். அன்றைக்கு மட்டும் மெதுவாகப் பேசினாள்.

"ஏளா ஜெசிந்தா, உங்கப்பா எங்களா?"

சத்தம் அலை மாதிரி, வரும், போகும். நான் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அப்பா என்ற சொல்லைக் கேட்டதும் அந்தக் கசங்கிய பேப்பர் நினைவுக்கு வந்தது. கண்ணீர் இன்னும் வேகமாக வழிந்தது. பிரகாசி அக்காவுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை. கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஓடிப்போய் அம்மாவிடம் அவள் கேட்டதையும் அம்மா சொன்னதையும் நான் பிறகு பலபேர் வாயிலாகக் கேட்டேன். உன் வீட்டுக்காரர் எங்கே என்றாளாம். கடலுக்குப் போயிருக்காவ என்றாளாம் அம்மா. யார் வள்ளத்தில் என்றதற்கு அம்மாவுக்குத் தெரியவில்லை. "உன் மவ கரையில உக்காந்திருக்கா" என்று மட்டும் பிரகாசி அக்கா சொல்லியிருக்கிறாள். அம்மா அடுப்பில் இருந்த உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அம்மாவுக்கு என் யோகா தெரியுமே என்று கேட்பீர்கள். அவளுக்குத் தெரிந்த யோகா தரையில் படுத்துக் கிடப்பது. கடலைப் பார்த்து உட்காருவது என்றால் அவளுக்கு வேறு ஒன்று.

நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தபோது, என் பக்கத்தில் மணலில் யாரோ பொத்தென்று விழுந்தார்கள்.

"என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டியளே" என்று ஒரு குரல். அம்மாவின் குரல்.

கண்ணைத் திறந்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள். ஒருத்தி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்பா வள்ளம் திரும்பவில்லை என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

இந்த இடத்தில் எந்த மூளையுள்ள பெண்ணும், இருட்டோடு போன வள்ளம் விடிந்ததுமே எப்படித் திரும்பும், யார் சொன்னது என்று கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. அம்மா அழுகிறாள், அப்படியானால் அப்பா போய்விட்டார். அம்மாவுக்கு அத்தாட்சி நான். எனக்கு அத்தாட்சி அம்மா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்து அழுதோம். அதைப் பார்த்துக் கரை முழுவதும் அழுதது.

இதை எல்லோரும் சிரிப்பாகச் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அந்த மணிநேரங்களில் நான் இருந்த இருப்பை வேடிக்கையாக எழுத எனக்குத் தெரியவில்லை. மனுப் போட்டியா என்று அவர் கேட்டதும், நான் சுவரைப் பார்த்ததும் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. அவர் முகத்தைக் கடைசியாக எப்போது நேராகப் பார்த்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. பி.யூ.சி., ஆங்கிலம், எண், எதுவும் என் தலையில் இல்லை.

வள்ளம் வரவில்லை என்றால் எங்கள் கரையில் யாரும் நின்று விசாரிக்க மாட்டார்கள். முதலில் வள்ளத்தைத் தள்ளுவார்கள். கேள்வியெல்லாம் கடலில் போய்த்தான். இரவு போய்விட்டு அப்போதுதான் கரை சேர்ந்தவர்கள், பிடித்த மீனை இறக்கக்கூட நிற்காமல் திரும்பினார்கள். போகக் கிளம்பியவர்கள் வலையை மணலில் வீசிவிட்டுப் போனார்கள். மீன் ஏற்ற வந்த வண்டிக்காரர்கள் வெறும் ஐஸை வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ சைக்கிளில் வடக்குக் கரைக்குப் போய், ஒரு வள்ளம் வரவில்லை என்று சொல்ல, அங்கிருந்தும் வள்ளங்கள் கிளம்பின.

மத்தியானம்வரை அம்மாவும் நானும் மணலை விட்டு அசையவில்லை. போன வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒவ்வொருவரும் தலையை அசைத்துக்கொண்டே இறங்கினார்கள். கடைசியில் வடக்குக் கரை வள்ளம் ஒன்று, சேதி கேட்டுப் போவதற்காக எங்கள் கரையில் ஒதுங்கியது. அதன் முன்பக்க அணியத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றார். வெயிலில் கறுத்து, தொண்டை வறண்டு, கரையைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே, யாரு வள்ளம்லே காணல? விடிஞ்சதுலேர்ந்து தேடுதோம், ஒண்ணும் ஆப்படலயே!"

அப்பா.

நடந்தது இதுதான். இருட்டில் காற்றைப் பார்த்துவிட்டு அவர் கடலுக்குப் போகவில்லை. வடக்குக் கரையில் ஒரு வள்ளத்துக்குப் பலகை மாற்றுகிறார்கள் என்று அங்கே வேலைக்குப் போய்விட்டார். ஒரு வள்ளம் வரவில்லை என்ற சேதி வந்ததும், உளியைப் போட்டுவிட்டு முதல் ஆளாக ஏறியிருக்கிறார். யார் வள்ளம் என்று கேட்கவில்லை. எல்லோரையும்போல அவரும் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். காலை முழுவதும் கடலில் தன்னையே தேடியிருக்கிறார்.

பிரகாசி அக்காதான் வாயைத் திறந்தாள்.

"உம்மத்தான்ணே காணல."

அம்மா எழுந்தாள். பக்கத்தில் கிடந்த மீன்கூடையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். அப்பா வள்ளத்திலிருந்து இறங்குவதற்குள் நாலைந்து அடி விழுந்துவிட்டது. (எதற்காக அடித்தாய் என்று பிறகு கேட்டேன். உயிரோடு வந்தால் அடிக்காமல் என்ன செய்வார்கள் என்றாள்.) பிறகு அந்தக் கூடையோடு அம்மா என் பக்கம் திரும்பினாள். கரை முழுவதும் திரும்பியது.

"ஏளா, அப்ப நீ எதுக்குளா உக்காந்து அழுத?"

தியானம் என்று சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. மூச்சுப் பயிற்சி என்றேன். சங்கு குளிக்கிறவர்கள் சிலர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில், நான் எத்தனையோ நாளாக யாரிடமும் சொல்லாத அந்த வார்த்தையை, இரண்டு கரை ஆட்களுக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டியதாயிற்று.

"பரீச்சையில பெயிலாயிட்டேன். அதுக்குத்தான் அழுதேன்."

அதிர்ச்சியை எதிர்பார்த்தேன். டீக்கடை அண்ணாச்சி, "அது எங்களுக்கு முன்னமே தெரியுமேம்மா" என்றார்.

அதற்குப்பின் நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். பெயிலானதற்கு எத்தனை நாள் துக்கம் காக்க வேண்டும் என்று பெண்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. கேலிக்கு இல்லை, உண்மையாகவே பேசினார்கள். ஒருத்தி, சாவுக்குக்கூட ஒரு கணக்கு உண்டு, அது முடிந்தால் கஞ்சி காய்ச்ச வேண்டியதுதான் என்றாள். இன்னொருத்தி, படிப்புச் சாவு நமக்குப் பழக்கமில்லை, எப்படிச் சொல்வது என்றாள். பிரகாசி அக்கா தீர்ப்புச் சொன்னாள். "இன்னைக்கு மொத்தக் கரையும் உனக்காக அழுதாச்சு. ஒரு நாள் மீனும் போச்சு. இதுக்கு மேல ஒரு பெயிலுக்கு என்னளா மரியாதை செய்ய முடியும்? எந்திரி."

அப்பா ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே என்னிடம் வந்தார். முகத்தை நேராகப் பார்த்தேன்.

"மனுப் போட்டியாளா?" என்றார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்ப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை என்ஜினியரம்மா, கடல் எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். வேறு என்ன சொல்ல? ஆனால் யோகாவை விடவில்லை. வீட்டுக்குப் பின்னால், கடலுக்கு முதுகைக் காட்டி, செங்கல் சுவரைப் பார்த்து இன்றுவரை தினமும் உட்காருகிறேன். அது என் துக்கத்தைத் தீர்த்தது என்று சொல்ல மாட்டேன். அதற்கு ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுத்தது. காலையில் அந்த நேரத்துக்கு வந்து அழுதுவிட்டுப் போய்விடும். மற்ற நேரத்தில் வந்தால், நாளைக்கு வா என்று சொல்ல முடிகிறது. சொன்னதும் எப்போதுமே போய்விடுகிறது என்றில்லை. பாதி நாள் போகிறது.

அந்த மறுதேர்விலும் தவறினேன். அதற்கடுத்ததில் தேறினேன். அப்பாவுக்குப் பேப்பர்காரன்மேல் இருந்த கோபம் அன்றுதான் தணிந்தது. இப்போதும் அவர் வீட்டுக்கு வர நேரமானால் நாங்கள் தேடுவதில்லை. "அவிய எங்கன இருந்தாலும் தேடிட்டு இருப்பாவ" என்று அம்மா சோற்றை மூடி வைத்துவிடுவாள். கல்யாண வீடுகளில் என்னைப் பார்க்கிற சொந்தக்காரர்கள், சும்மா உட்கார்ந்திருக்கிறாயா, வள்ளத்தைத் தள்ளவா என்று கேட்காமல் போவதில்லை.

போன வாரம் பி.ஏ. முடிவு வந்தது. ஒரு தாளில் தவறியிருக்கிறேன். (ஆங்கிலம்தான். வேறென்ன?) கல் மறுபடி நெஞ்சில் இறங்கியது. இந்த முறையும் அப்பா பேப்பரைத் தெருவுக்குக் கொண்டுபோனார். அண்ணாச்சி கண்ணாடி இல்லை என்று சொல்லாமல், இல்லை என்றே சொல்லிவிட்டாராம். ஒரு வாரம் சுவரைப் பார்த்து அழுதேன். இன்னும் அழுது முடிக்கவில்லை.

இன்று மத்தியானம் கரை வழியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். கால் வலித்தது. வலை உலர்த்தியிருந்த இடத்தில் சற்று உட்கார்ந்தேன். பிரகாசி அக்கா தூரத்திலிருந்தே கூடையை இறக்கிவிட்டாள்.

"யாரளா காணல?"

"எல்லாரும் இருக்காவக்கா" என்றேன். "பஸ்ஸுல வந்த அலுப்பு. மனுப் போட்டுட்டு வாரேன்."